கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இலை பார்க்க ஒரு நாள்: அப்பா அம்மாவோடு எங்கே போவது?

படித்துறை | செப்டம்பர் 16, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். ஃப்ரேமிங்ஹாமில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள், நவம்பர் முதல் வாரம் கிளம்புகிறார்கள். அதற்குள் ஒரு நாளாவது ஃபால் கலர், அதாவது இலை உதிரும் முன் மாறுகிற நிறம், காட்டிவிட வேண்டும்.

கேட்டவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஒயிட் மவுன்டன்ஸ், கான்கமாகஸ் சாலை. அங்கேதான் சிக்கல். கொண்டை ஊசி வளைவு என்றாலே அம்மாவுக்குக் குமட்டும். கொடைக்கானலுக்கே ஒருமுறைதான் போயிருக்கிறார், இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார். அப்பாவுக்கு 73 வயது, முழங்கால் வலி, மலையெல்லாம் ஏற முடியாது. ஆனால் ஆறு என்றால் உயிர். திருவையாற்றில் படித்துறைக்குப் பத்து வீடு தள்ளித்தான் எங்கள் வீடு.

அதனால் கனெக்டிகட் ஆற்றை ஒட்டிப் போகலாமா என்று யோசனை. அக்டோபரில் வருகிற கொலம்பஸ் நாள் வார இறுதியில் வெர்மான்டில் ஒயிட் ரிவர் ஜங்ஷன் பக்கம் அறை போட்டுவிட்டேன், பணம் திரும்ப வராது. அந்த நேரத்தில் பீக், அதாவது நிறம் உச்சத்தில், இருக்குமா? எங்கெங்கே நிறுத்தலாம்?

---

பீக்வேட்டை | செப்டம்பர் 16, இரவு 10:40

பீக் தெரியாமல் அறை போட்டதுதான் முதல் தப்பு. கணக்கு ரொம்ப எளிது. இந்த ஆறு கியூபெக் எல்லை ஓரத்திலிருந்து லாங் ஐலண்ட் கடல்வரை ஏறக்குறைய 410 மைல், வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. நிறமும் அதே வழியில் ஆற்றோடு இறங்கி வரும். செப்டம்பர் கடைசியில் வடகோடி. அக்டோபர் முதல் வாரம் தாண்டி ஹானோவர், விண்ட்ஸர் பக்கம். அக்டோபர் நடுவில் மாசசூசெட்ஸ். மாதக் கடைசியிலும் அதற்குப் பிறகும் கடலோரம்.

இந்த வருஷம் ஆகஸ்டில் மழை இல்லை, அதனால் ஒரு வாரம் முந்தும். இலை நிற வரைபடத்தைத் தினமும் பாருங்கள். சிவப்பு வந்த அன்று கிளம்ப வேண்டும். நான் 9 வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

---

மேப்பிள்மாமி | செப்டம்பர் 17, காலை 6:55

படித்துறைத் தம்பி, வேட்டைக்காரர் பேச்சைக் கேட்டுக் கலங்காதீர்கள். நான் நியூ ஹாம்ப்ஷையர் லெபனானில் 22 வருஷம். பீக் என்று ஒரு நாள் கிடையவே கிடையாது. என் வீட்டுக்குப் பின்னால் சதுப்பு நிலத்தில் நிற்கிற செம்மேப்பிள் ஆகஸ்ட் கடைசியிலேயே சிவந்துவிடும். வாசலில் நிற்கிற சர்க்கரை மேப்பிள் அக்டோபர் பத்து தேதி வாக்கில் ஆரஞ்சு. எதிர்வீட்டு ஓக் ஒரு சோம்பேறி, ஹாலோவீனுக்குத்தான் செம்பழுப்பாகும். இதில் எது பீக்? கொலம்பஸ் வாரத்தில் வாருங்கள். ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருக்கும்.

இப்போது உருப்படியான விஷயம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஹாம்ப்ஷையரில் 12ஏ, அந்தப் பக்கம் வெர்மான்டில் 5ஆம் எண் சாலை. இரண்டும் கிட்டத்தட்ட ஆற்றை ஒட்டியே போகும், தட்டையான வழி, அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது. கார்னிஷிலிருந்து விண்ட்ஸருக்குப் போகிற மூடுபாலம் 1866இல் கட்டியது, சுமார் 450 அடி நீளம், முழுக்க மரம். பாலத்துக்குக் கூரை எதற்கு என்று அப்பா கேட்பார். மழையும் பனியும் பட்டால் உள்ளே இருக்கிற மரச்சட்டம் உளுத்துப்போகும், அதற்காகத்தான். நுழைவாயிலில் பழைய அறிவிப்பு ஒன்று இருக்கும்: குதிரையை நடத்திக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் 2 டாலர் அபராதம். உள்ளே நடைபாதை கிடையாது, கார்கள் வரும், அதனால் நடக்க வேண்டாம். நியூ ஹாம்ப்ஷையர் கரையில் இறங்கிப் பாருங்கள். பாலத்துக்குப் பின்னால் அஸ்கட்னி மலை தனியாக நிற்கும்.

இன்னொன்று: அதிகாலையில் வந்து இறங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

---

மண்ணும்மரமும் | செப்டம்பர் 17, மதியம் 12:30

மழை இல்லை என்றால் முந்தும் என்பது பாதிதான் சரி. ரொம்பக் காய்ந்தால் சில மரங்கள் நிறமே மாறாமல் ஓரம் கருகி உதிர்ந்துவிடும். சிவப்பு நன்றாக வர வேண்டுமென்றால் பகலில் வெயிலும் இரவில் குளிரும் வேண்டும், ஆனால் உறைபனி கூடாது.

காரணம் இதுதான். மஞ்சள் நிறமி (கரோட்டினாய்டு) இலையில் கோடை முழுக்க இருக்கிறது, பச்சையம் அதை மறைத்து வைத்திருக்கிறது. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் பிரித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. பிர்ச், ஆஸ்பென் எல்லாம் இந்தக் கணக்கு. சிவப்பு அப்படியல்ல. அது ஆந்தோசயனின், பெரும்பாலும் அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. காம்படியில் அடைப்பு விழத் தொடங்கும், வெயிலில் உண்டான சர்க்கரை இலையிலேயே தங்கும், அதை வைத்துத் தயாராகும். அதனால்தான் ஒரே மரத்தில் வெயில் படுகிற கிளை சிவப்பாகவும் நிழல் கிளை மஞ்சளாகவும் நிற்கும்.

உங்கள் அப்பாவுக்குப் புரியும்படி ஒன்று சொல்லட்டுமா? நம் ஊர் மாந்தளிர் செம்பு நிறத்தில் இருக்கிறதே, அதுவும் இதே ஆந்தோசயனின்தான். அங்கே இலை பிறக்கும்போது வருவது, இங்கே போகும்போது வருகிறது. நாட்டு வாதாம் மரமும் இலை உதிர்க்கும் முன் சிவக்கும், பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் பார்த்ததுதான்.

---

படித்துறை | செப்டம்பர் 17, இரவு 9:05

மாந்தளிர் விஷயத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "பள்ளிக்கூடத்தில் இலையுதிர்காலம் என்று படித்தோம், நம் ஆறு பருவத்தில் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது?" என்று ஆரம்பித்துவிட்டார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று விரல் விட்டு எண்ணினார். நம் பக்கம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில், அதுவும் வெயிலுக்குப் பயந்து என்பது அவர் வாதம்.

மாமி, போம்ஃப்ரெட்டில் ஒரு பண்ணை வீடு, வளைந்து போகிற மண்பாதை, இரண்டு பக்கமும் மேப்பிள் என்று ஒரு படம் எல்லோரும் போடுகிறார்களே, அங்கே போகலாமா? என் மனைவிக்கு அந்தப் படம் வேண்டுமாம்.

---

மேப்பிள்மாமி | செப்டம்பர் 18, காலை 6:40

வேண்டாம். அது ஒருவர் குடியிருக்கிற வீடு. கிளவுட்லேண்ட் சாலை ஒரு சின்ன மண்பாதை. இன்ஸ்டாகிராமில் படம் பரவியதும் கூட்டம் வந்து, வேலி தாண்டி, வண்டியைக் குறுக்கே நிறுத்தி, கடைசியில் 2023இல் இலை பருவம் முழுக்க அந்தச் சாலையையே வெளியாட்களுக்கு மூடிவிட்டார்கள். நம் வீட்டுத் திண்ணையில் ஊரான் ஏறி நின்று உடை மாற்றிப் படம் எடுத்தால் விடுவோமா? உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அந்த மாதிரி மண்பாதை இங்கே தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கிறது.

ஆனால் அதிலும் ஒரு எச்சரிக்கை. வெர்மான்டில் நாலாம் வகுப்புச் சாலை என்று ஒன்று உண்டு. வரைபடத்தில் இருக்கும், ஊராட்சி பராமரிக்காது. போன் வழி காட்டுகிறதே என்று திரும்பினால் பாதியில் பாறையும் பள்ளமும்தான். சிக்னலும் இருக்காது. வழியை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை ஏன் வேண்டாம் என்றேனே. செப்டம்பர் கடைசி முதல் இங்கே ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கக் காலையில் மூடுபனி. இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் இறங்கி அடியில் தங்கும், ஆற்று நீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் பால் மாதிரி ஆகிவிடும். ஒன்பது, ஒன்பதரை, சில நாள் பத்துக்குத்தான் விலகும்.

---

பீக்வேட்டை | செப்டம்பர் 18, காலை 8:15

மாமி சொல்கிற பனிதான் உண்மையான படம். அஸ்கட்னி 3,100 அடிக்கு மேல் உயரமான மலை, காரிலேயே உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை போகலாம். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைக் கடல். ஆனால் உங்கள் அம்மாவுக்கு அந்தச் சாலை ஆகாது. பாவம்.

---

மொன்றியல்பெடியன் | செப்டம்பர் 18, மாலை 5:20

நாங்கள் மொன்றியலில் இருந்து ஒவ்வொரு வருசமும் ஸ்டான்ஸ்டெட் எல்லையால வந்து 91ஆம் இலக்க நெடுஞ்சாலையைப் பிடிக்கிறனாங்கள். கியூபெக்கிலும் இலை வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வெர்மான்டுக்குள்ள வந்தால் கண்ணுக்கு ஒரு ஆறுதல். ஏனெண்டு கன காலம் விளங்கேல்ல. பிறகுதான் கண்டுபிடிச்சன்: அங்க விளம்பரப் பலகை ஒண்டும் இல்லை. 1968இலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள்.

குவீச்சீ பள்ளம் பார்க்காமல் விடாதேங்கோ. ஒட்டாகுவீச்சீ எண்ட கிளையாறு 165 அடி ஆழத்தில ஓடும், சாலைப் பாலத்தில நிண்டே பார்க்கலாம், ஏறி இறங்கத் தேவையில்லை. வாகனம் நிறுத்த மட்டும் மத்தியானத்துக்குப் பிறகு கரைச்சல். அப்பாவுக்குக் கால் ஏலாது எண்டால் காலமையே போயிடுங்கோ.

உண்ணி கவனம். ஒக்டோபர் குளிர்தானே, உண்ணி இராது எண்டு நினைக்காதேங்கோ. மான் உண்ணியின்ர வளர்ந்தது அப்பதான் வெளிக்கிடும். புல்லுக்குள்ள இறங்கினால் காற்சட்டையைச் சப்பாத்துச் சொக்சுக்குள்ள விடுங்கோ.

---

ஹேட்லிவயல் | செப்டம்பர் 19, இரவு 11:02

எல்லோரும் வடக்கே இழுக்கிறீர்கள். அறைக்குக் கொடுத்த பணம் போனால் போகிறது என்றால் மாசசூசெட்ஸ் பக்கமே போதும், ஃப்ரேமிங்ஹாமிலிருந்து ஒன்றரை மணிநேரம். தெற்கு டியர்ஃபீல்டில் ஷுகர்லோஃப் என்று ஒரு சின்னக் குன்று. உச்சிவரை கார் போகும், சாலை சின்னதுதான், அம்மா கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மேலே நின்றால் ஆறு, சண்டர்லேண்ட் பாலம், கட்டம் கட்டமாக வயல். தஞ்சாவூர்க்காரர் அப்பாவுக்கு அந்த வயல்தான் பிடிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மண்ணுக்கு ஒரு கதை உண்டு. பனியுகம் முடிகிற காலத்தில், சுமார் 15,000 வருஷத்துக்கு முன், இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஏரி நின்றது. பிற்காலத்தில் அதற்கு ஹிட்ச்காக் ஏரி என்று பேர் வைத்தார்கள். இன்றைய கனெக்டிகட் மாநிலத்தின் நடுவிலிருந்து வெர்மான்ட் வரை நீண்ட ஏரி. அது வடிந்ததும் அடியில் படிந்த களிமண், அதன்மேல் ஆறு வெள்ளம் வந்து வந்து போட்ட வண்டல். கல் பொறுக்கியே முதுகு ஒடிந்த நியூ இங்கிலாந்தில் கல் இல்லாத மண் என்றால் இதுதான். இன்றும் ஹேட்லியில் புகையிலை உலர்த்துகிற நீளக் கொட்டகைகளைப் பார்க்கலாம். 47ஆம் எண் சாலையில் மெதுவாகப் போங்கள்.

---

மண்ணும்மரமும் | செப்டம்பர் 20, காலை 9:30

வடக்கே போனாலும் மண் கதை உண்டு. 1811இல் வில்லியம் ஜார்விஸ் ஸ்பெயினின் மெரினோ ஆடுகளை வெதர்ஸ்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தார். விண்ட்ஸருக்குச் சற்றுத் தெற்கே, இதே ஆற்றங்கரை. அப்புறம் கம்பளிப் பித்து. வெர்மான்டின் பெரும்பகுதிக் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். ஆட்டு வியாபாரம் படுத்ததும் ஆட்கள் மேற்கே போய்விட்டார்கள், காடு தானாகத் திரும்பி வந்தது. இன்று மாநிலத்தில் முக்கால் பங்கு காடு. நாம் காசு கொடுத்துப் பார்க்க வருகிற இந்த நிறம் முழுக்கக் கைவிட்ட ஆட்டுப்பட்டியில் முளைத்தது. காட்டுக்குள் எதற்கென்று தெரியாமல் கல்வேலி ஓடும், பாருங்கள்.

---

புளியோதரை | செப்டம்பர் 20, மாலை 4:10

அறிவியலெல்லாம் சரி. சாப்பாடு?

---

மேப்பிள்மாமி | செப்டம்பர் 20, மாலை 6:25

கட்டிக்கொண்டு போவதுதான். சனிக்கிழமை மதியம் எந்த உணவகத்திலும் ஒரு மணிநேரம் நிற்க வைப்பார்கள். புளியோதரை, தயிர்சாதம், ஒரு பிளாஸ்க் காப்பி. தயிர்சாதத்துக்குப் பால் கொஞ்சம் கூடவே விடுங்கள், குளிரில் கட்டியாகிவிடும். கழிவறை எங்கே கண்ணில் பட்டாலும் போய்விடுங்கள், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆப்பிள் தோட்டத்தில் சைடர் டோனட் சுடச்சுட வாங்குங்கள். மேப்பிள் க்ரீமி என்று எழுதியிருந்தால் அது இங்கத்துப் பாஷையில் ஐஸ்கிரீம். ஒரு லிட்டர் மேப்பிள் பாகுக்கு 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும், அதனால் விலையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

---

பீக்வேட்டை | அக்டோபர் 7, இரவு 9:50

படித்துறை, வரைபடம் பார்த்தீர்களா? உங்கள் இடத்தில் பீக் தாண்டியாகிவிட்டது என்கிறது. நான் சொன்னேன். இப்போதாவது தெற்கே மாற்றுங்கள்.

---

மேப்பிள்மாமி | அக்டோபர் 7, இரவு 10:05

நான் வரைபடம் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாருங்கள் தம்பி.

---

படித்துறை | அக்டோபர் 14, இரவு 11:20

போய் வந்தோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமி சொன்னதைக் கேட்காததிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளி இரவு தங்கிவிட்டு, சனி காலை அப்பா ஐந்து மணிக்கே குளித்துத் தயார். ஊர்ப் பழக்கம். சரி, போய் உட்கார்ந்திருப்போம் என்று ஏழேகாலுக்கெல்லாம் கார்னிஷ் கரையில் நிறுத்திவிட்டேன். பாலம் இல்லை. மலை இல்லை. ஆறும் இல்லை. காருக்கு முன்னால் நாலு முழத்துக்கு ஈரப் புல், அதற்கப்பால் வெள்ளை. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்பா மட்டும் இறங்கினார். மார்கழியில் காவேரி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே மஃப்ளரைக் கட்டினார். நானும் கூட நின்றேன். ஒரு சத்தம் கேட்டது, மழைத் தூறல் மாதிரி. மழை இல்லை. இலைகள் விழுகின்றன. காற்று துளிகூட இல்லை, ஆனாலும் எங்கள் தலைக்கு மேலே ஏதோ ஒரு மரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, கிளையில் தட்டித் தட்டிக் கீழே வந்தன. மரம் கண்ணுக்குத் தெரியவில்லை, இலை மட்டும் பனிக்குள்ளிருந்து வந்து காலடியில் விழுகிறது. அப்பா ஒன்றை எடுத்தார். நரம்பெல்லாம் இன்னும் பச்சை, நடுவில் குங்குமச் சிவப்பு, காம்பும் சிவப்பு. தார் சொட்டியது மாதிரி மூன்று கரும்புள்ளிகள். முகர்ந்து பார்த்தார், மடக்கிப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்குத்தான் பனி கிழிந்தது. முதலில் அஸ்கட்னி உச்சி மட்டும் அந்தரத்தில். அப்புறம் பாலத்தின் கூரை. கடைசியாகத்தான் தண்ணீர். பீக்வேட்டை சொன்னது தப்பில்லை, மலையின் மேல்பாதி பழுப்பாகி மொட்டையாக இருந்தது. ஆனால் கரையோரம் அப்படியே நின்றது, ஒரு சர்க்கரை மேப்பிள் கார்த்திகைச் சொக்கப்பனை மாதிரி. அம்மா காரிலிருந்து இறங்கி வந்து, "இதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஒரு மணிநேரம் இலை பொறுக்கினார்.

ஆறு எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்று அப்பா கேட்டார். வெர்மான்ட் கரையின் தாழ்நீர் மட்டம் வரை நியூ ஹாம்ப்ஷையருக்குத்தான், 1933இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று போனில் பார்த்துச் சொன்னேன். "அதோட முடிஞ்சுதா? மேல்முறையீடு, நடுவர் மன்றம் ஒண்ணும் இல்லையா?" என்றார். இல்லை என்றதும் அவருக்கு இந்த ஊர் மேல் மரியாதை வந்துவிட்டது.

குவீச்சீயில் நிறுத்த இடமில்லை, காரிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். மொன்றியல் அண்ணா, காலமையே போகச் சொன்னீர்கள், என் தப்பு. திரும்பும் வழியில் போனை நம்பி ஒரு மண்பாதையில் நுழைந்து, மாமி சொன்ன அந்த நாலாம் வகுப்பு வசமாக மாட்டியது. அரை மைல் பின்னோக்கியே ஓட்டி வந்தேன். அம்மாவுக்குக் குமட்டியது அங்கே மட்டும்தான். ஆனால் அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் பிர்ச், தங்கத் தகடு அடித்தது மாதிரி, ஓரத்தில் கல்வேலி. மனைவிக்கு வேண்டிய படம் அங்கேதான் கிடைத்தது. யார் வீட்டு வாசலிலும் ஏறவில்லை.

மேப்பிள் க்ரீமியை அப்பா இரண்டு தடவை வாங்கினார். கருப்பட்டியைப் பாலில் கலந்தது மாதிரி இருக்கிறதாம்.

---

மண்ணும்மரமும் | அக்டோபர் 15, காலை 8:00

அந்தக் கரும்புள்ளி ஒரு பூஞ்சைதான், மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. காற்றில்லாமல் இலை விழுந்ததற்குக் காரணம் முந்தின இரவு உறைபனி பட்டிருக்கும். காம்படியில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததும் விட்டுவிடும், வெளுக்கிற நேரத்தில் இளகி விழும்.

---

மேப்பிள்மாமி | அக்டோபர் 15, மாலை 7:10

ஏழேகாலுக்கா போய் நின்றீர்கள்! நான் எழுதியதை யார் படிக்கிறார்கள்? எட்டு மைல் தள்ளி என் வீடு இருக்கிறது என்றுகூடத் தோன்றவில்லையே, வந்திருந்தால் அப்பாவுக்குச் சூடாக ஒரு காப்பியாவது கொடுத்திருப்பேன். எட்டு இல்லை, இருபது மைல் இருக்கும். அதனால் என்ன?

---

பீக்வேட்டை | அக்டோபர் 15, இரவு 9:33

அந்தக் கரையோர மேப்பிள் பாலத்துக்கு வடக்கேயா தெற்கேயா? சனிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அதற்காகத்தான் கேட்கிறேன்.

---

படித்துறை | அக்டோபர் 15, இரவு 10:01

வடக்கே, படகு இறக்குகிற இடம் பக்கம். ஆனால் நேற்று முழுக்கக் காற்று. ஆற்றுப் பக்கம் சாய்ந்த கிளை ஒன்று பாதிக்கு மேல் பச்சையாக இருந்தது, அது தாங்கும் என்கிறார் அப்பா.